ஐந்து பேர், பன்னிரண்டாயிரம் ரூபாய், ஒரு வொண்டர்லா

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு நிலையில் இரண்டு வரிசையாகப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. இடப்பக்கம் மகள், வலப்பக்கம் மகன். வீட்டுக்கு வண்ணம் பூச ஆள் வந்தபோதும் அந்த நிலையில் கைவைக்க என் மனைவி விடவில்லை. 2024 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் குதிகால் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் பரீட்சை அட்டையைப் படுக்கவைத்துக் கோடு போட்டு, டேப்பால் அளந்தேன். 141 சென்டிமீட்டர். பின்னலை அவிழ்க்கச் சொல்லி மறுபடி அளந்தேன். 141தான். அதற்குக் கீழே, முந்தைய ஆயுத பூஜை விடுமுறையில் போட்ட கோடு 137இல் இருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள். அங்கே வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 85 முதல் 140 வரை சிறுவர் டிக்கெட். 140ஐத் தாண்டிவிட்டால் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் அவளுடைய அப்பனும் ஒன்றுதான். நான் இரண்டு வருடமாக "அடுத்த லீவுக்குப் போகலாம்" என்று தள்ளிப்போட்டதற்கு அவளுடைய எலும்பு வட்டி போட்டுவிட்டது. சுமார் இருநூற்றைம்பது ரூபாய் வட்டி.

"முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்றால் தெரியாதுப்பா" என்றாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. என்னிடம்தான் கற்றிருப்பாள்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் வங்கியில் ஆர்.டி. போட்டிருந்தோம். வட்டியோடு பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் கைக்கு வந்தது. போக வேண்டியவர்கள் ஐந்து பேர்: நான், மனைவி, மகள், எட்டு வயது மகன், என் அம்மா. இதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் ஜூன் மாதப் பள்ளிச் செலவில் துண்டு விழும். அதனால் முதலில் எல்லோரும் யோசிக்கிற மாதிரி நாங்களும் பக்கத்திலேயே யோசித்தோம். கோபியைத் தாண்டிச் சத்தியமங்கலம் போகிற வழியில் கொடிவேரி அணை இருக்கிறது. சில்லறைக் காசில் உள்ளே போய், அருவி மாதிரிக் கொட்டுகிற தண்ணீரில் நாள் முழுக்கக் குளித்துவிட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டு வரலாம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர் என்ற நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. மனைவி கொடிவேரியே போதும் என்றாள். மகன் பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். அவன் வகுப்பில் மூன்று பேர் வொண்டர்லா போய்வந்துவிட்டார்கள்.

சரி, எந்த வொண்டர்லா? வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலாண்ட் என்ற பெயரில் முதல் பூங்காவைத் திறந்தார். பெங்களூரு மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே 2005இல் அடுத்தது வந்தது. ஈரோட்டிலிருந்து இரண்டுக்குமே ரயில் உண்டு. ஆனால் அந்த ஆண்டு கேரளத்தில் மே 30ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. மழையில் நனைவதற்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்று பெங்களூருவை முடிவுசெய்தோம். (ஜூன் 2ஆம் தேதி பெங்களூரிலும் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அதற்குள் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.)

எந்த நாளில் போவது என்பதில்தான் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். கர்நாடகத்தில் அந்த ஆண்டு பள்ளிகள் மே 29ஆம் தேதி திறந்துவிட்டன. நம் ஊரில் முதலில் ஜூன் 6 என்று சொல்லி, பிறகு வெயிலைக் காரணம் காட்டி ஜூன் 10 ஆக்கினார்கள். ஆக ஒரு வாரத்துக்கு மேல் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், நம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பூங்கா காலியாக இருக்கும். நான் ஜூன் 5, புதன்கிழமையைக் குறித்தேன். வார நாளில் டிக்கெட்டும் குறைவு, வரிசையும் குறைவு. வரிசையில் நிற்காமல் போவதற்கென்று ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் விற்கிறார்கள். நாளைச் சரியாகப் பிடித்தவனுக்கு அது தேவையே இல்லை. சில நாள் முன்னதாக இணையத்தில் பதிவுசெய்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் கட்டணம். கணக்கு எழுதுகிறவன் புத்தியில் ஒன்று சொல்கிறேன்: கண்ணில் படுகிற விலை ஜி.எஸ்.டி.யோடா, இல்லாமலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2017இல் 28 சதவீதமாக இருந்த வரி 2018 ஜனவரியில் 18 ஆனது. ஐந்து டிக்கெட்டுக்கு 18 சதவீதம் என்றால் ஒரு நேரச் சாப்பாடு. எல்லாம் போக ஐந்து பேருக்கும் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பாதிப் பணம் அங்கேயே முடிந்தது.

அந்தப் பாதியைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஈரோட்டில் பொருட்காட்சி போடும்போது ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட், கொலம்பஸுக்கு ஒரு டிக்கெட், மரணக் கிணற்றுக்கு ஒரு டிக்கெட் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் பிள்ளைகளோடு பேரம் நடக்கும். கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலாண்டிலும் 1982 வரை ரைடுக்கு ரைடு கூப்பன் கிழித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். வாசலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிட்டால் உள்ளே அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஏற வேண்டியதில்லை. கை நீளுகிற இடம் எல்லாம் டிக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது: லாட்ஜ், ஆட்டோ, துணி, லாக்கர், மூன்று மணிப் பசி.

லாட்ஜை ஒரேயடியாக வெட்டினோம். போகும்போதும் இரவு ரயில், வரும்போதும் இரவு ரயில். ஸ்லீப்பரில் ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். மகனுக்கு அரை டிக்கெட் எடுத்து அவனை அம்மாவின் கீழ் பெர்த்தில் தலைகால் மாற்றிப் படுக்கவைத்தோம். "எனக்குச் சலுகை உண்டே?" என்று அம்மா கேட்டார். மூத்த குடிமக்களுக்கான ரயில் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. அப்பாவோடு ராமேஸ்வரம் போனபோது இருந்ததே என்றார். இருந்தது.

ஜூன் 4 ராத்திரி அது, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிய நாள். பெட்டி முழுக்க யார் கையில் பார்த்தாலும் செல்போன் வெளிச்சம். எங்களுக்குக் கிடைத்த நடு பெர்த்துக்குக் கீழே இரண்டு பேர் நள்ளிரவு தாண்டியும் தொகுதி தொகுதியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் எழுந்து உட்கார்ந்து அவர்கள் கூட்டலில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் படுத்தாள்.

பெங்களூரில் இறங்கி, ரயில் நிலையத்தில் முகம் கழுவி, மாற்றுத்துணிப் பையை க்ளோக் ரூமில் போடலாம் என்று போனோம். எங்களிடம் இருந்தது கட்டைப்பை. எங்கள் கடைப் பெயர் போட்ட, மரக் கைப்பிடி வைத்த, ஐந்து கிலோ அரிசி தாங்கும் அருமையான பை. பூட்டில்லாத பையை க்ளோக் ரூமில் வாங்குவதில்லை. விதி அதுதான், எனக்குத்தான் தெரியவில்லை. கட்டைப்பையை எப்படிப் பூட்டுவது? ஜிப் வைத்த மட்டமான ஒரு பையும், சின்னப் பூட்டும் வெளியே வாங்கி, கட்டைப்பையை மடித்து அதற்குள் போட்டுக் கொடுத்தேன். வீட்டுப் பரணில் மூன்று ஜிப் பைகள் தூங்குகின்றன.

மைசூரு சாலைப் பேருந்தில் இன்னொன்று. நம் ஊரில் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் போய்ப் பழகிய அம்மா, பக்கத்து சீட்டுப் பெண்கள் காசு கொடுக்காமல் சீட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். அங்கே சக்தி திட்டத்தில் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்குத்தான் இலவசம், முகவரிச் சான்று காட்ட வேண்டும். நடத்துநர் கன்னடத்தில் சொன்னார், அம்மா கொங்குத் தமிழில் பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். மூன்று பெண்களுக்கும் முழு டிக்கெட் வாங்கினேன்.

பூங்கா வாசலில் இறங்காமல் இன்னும் சில கிலோமீட்டர் போய்ப் பிடதி ஊரிலேயே இறங்கினோம். உள்ளே வெளிச் சாப்பாட்டை அனுமதிக்க மாட்டார்கள், பூங்கா திறப்பது 11 மணிக்கு. அதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள அந்தச் சாலையில் தட்டு இட்லியைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சிறு தட்டு அகலத்துக்கு இருக்கிறது ஒவ்வொன்றும். கையால் பிய்த்தால் பஞ்சு மாதிரி விலகி, நடுவில் ஆவி வருகிறது. மேலே ஒரு உருண்டை வெண்ணெய் வைத்துத் தருகிறார்கள், அது உருகி வழிந்து கெட்டிச் சட்னியோடு சேர்கிறது. ஈரோட்டு இட்லியைத் தவிர இட்லியே இல்லை என்று சொல்லும் அம்மா இரண்டாவதை வாங்கிச் சாப்பிட்டார். மகன் மூன்று. இந்த ஒரு காலைச் சாப்பாடு எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை மணி வரை தாங்கியது. சிக்கனப் பயணத்துக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால் டிக்கெட் சலுகையைப் பற்றி அப்புறம்தான் பேசுவேன், முதலில் பிடதியில் இறங்கு என்பேன்.

வாசலில் உயரம் பார்க்கும் இடத்தில் மகள் நிமிர்ந்து நின்றாள். முட்டியை மடக்கவில்லை. காரணம் உள்ளே போனதும் தெரிந்தது: பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஏற விடுவார்கள். அதை அவள் முதல் நாளே இணையத்தில் படித்திருக்கிறாள். "இருநூற்றைம்பது ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறோம், எல்லாவற்றிலும் ஏறப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, பின்னோக்கி இழுத்துப் போய்த் தலைகீழாகச் சுழற்றும் ரீகாயிலில் இரண்டு முறை ஏறினாள். ஒருமுறை நானும் ஏறினேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் நினைவில்லை. 118 சென்டிமீட்டர் மகன் கீழே நின்று, சிறுவர் ரைடுகளைச் சிறுவர்களுக்கானவை என்று திட்டிக்கொண்டிருந்தான்.

தண்ணீர்ப் பகுதிக்குள் போக நைலான், பாலியஸ்டர் மாதிரிச் செயற்கை இழைத் துணிதான் வேண்டும். பருத்தித் துணியின் நூல் உதிர்ந்து தண்ணீர் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், நனைந்தால் கனத்து இழுக்கவும் செய்யும். இது தெரிந்துதான், திங்கள் இரவு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் எல்லோருக்கும் மலிவாக அரைக்கால்சட்டையும் டி-ஷர்ட்டும் வாங்கினேன். பூங்காவுக்குள் விற்கும் துணியை வாங்கினால் பணம் எகிறும் என்று மனைவிக்கு விளக்கமும் சொன்னேன். தண்ணீர்ப் பகுதி வாசலில் இருந்த பையன் என் அரைக்கால்சட்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பருத்திக் கலப்பு. பதினெட்டு வருடமாக ஜவுளிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஈரோட்டுக்காரன், துணியைத் தொட்டுப் பார்த்து ஏமாந்தேன். நானூற்றைம்பது ரூபாய்க்கு உள்ளேயே ஒன்று வாங்கினேன். என் மனைவி அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரயிலில் பேசினாள்.

அடுத்து, அம்மா. லாக்கர் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்பது வீட்டிலேயே போட்ட திட்டம். அம்மா எப்படியும் புடவையோடு தண்ணீரில் இறங்கப் போவதில்லை, கரையில் உட்கார்ந்திருப்பார், பொருள்களைப் பார்த்துக்கொள்வார். எழுதும்போதே எனக்குக் கூசுகிறது, ஆனால் என் நோட்டில் 'லாக்கர் - 0 (அம்மா)' என்றுதான் எழுதியிருந்தேன். அலைக்குளத்தின் ஓரத்தில் நிழலில் அவரை உட்காரவைத்தோம். மடியில் இரண்டு செல்போன், என் பர்ஸ், மூக்குக்கண்ணாடி, துண்டுகள். காலடியில் நான்கு ஜோடிச் செருப்பு. அலை அடிக்கத் தொடங்கும் மணி ஒலித்ததும் ஓடினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், திரும்பி வந்து பார்த்தால் அவரைச் சுற்றிப் பதினைந்து ஜோடிச் செருப்பாவது இருக்கும். ஒரு பாட்டி காவலுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மொழி தெரியாத குடும்பங்கள் எல்லாம் அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. அவர் குடும்பவாரியாக அவற்றை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார்.

"கழிப்பறைக்குப் போக வேண்டும், செருப்பை யாரிடம் ஒப்படைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

மூத்த குடிமக்கள் டிக்கெட் வாங்கிக்கொடுத்து அழைத்துவந்தவரை எழுந்திருக்கக்கூட முடியாமல் செய்திருந்தேன். கணக்கில் பூஜ்யம் என்று எழுதிய இடத்தை நான் இதற்குமுன் இப்படிப் பார்த்ததில்லை. வேறு ஒருவர் உடம்பால் கட்டுகிற பணம் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. மகள்தான் முதலில் ஓடினாள், "அப்பத்தா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்று செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய் லாக்கர் எடுத்தேன். காலையிலேயே செய்திருக்க வேண்டியது.

பிறகு அம்மாவை, கட்டட உச்சியில் சுழலும் ஸ்கை வீலுக்குக் கூட்டிப்போனோம். மேலே போனதும் மகன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா மைசூரு சாலையையும் சுற்றியிருந்த குன்றுகளையும் பார்த்து, எந்தத் தோப்பில் தென்னை காய்ப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாப்பாடு இரண்டரை மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு. ஐந்து பேருக்கு நான்கு சாப்பாடு வாங்கிப் பகிர்ந்தோம். குடிதண்ணீரைக் குழாயில் பிடித்துக்கொண்டோம், பாட்டில் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் காலையிலேயே கையில் கொடுத்து, இதை எதற்குச் செலவழித்தாலும் நானும் அவர்கள் அம்மாவும் வாய் திறக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தேன். இது மனைவியின் யோசனை. நாள் முழுக்க "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே நடப்பதைவிட நானூறு ரூபாய் மலிவு என்றாள். மகன் பதினோரு மணிக்கு உள்ளே போனான், பதினொன்றேகாலுக்கு ஒளிரும் பிளாஸ்டிக் வாள் ஒன்றை வாங்கிப் பணத்தை முடித்தான். பட்டப்பகலில் அது ஒளிர்கிறதா என்று கைக்குட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குச் சோளம் சாப்பிட ஆசை வந்து, அக்காவிடம் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினான். வாரத்துக்கு ஐந்து ரூபாய் வட்டி. வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் நான் பேசவில்லை.

நாலு மணிக்கு மேகம் கூடித் தூறியது. இடி மழை என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மலிவான மாதத்தில் போவதில் இருக்கிற சூதாட்டம் அது. அரை மணி நேரம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. எங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது. லாட்ஜை மிச்சப்படுத்தியதற்கு விலை இதுதான்: இரவு எட்டு மணி வாக்கில் ரயில், ஆகவே ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பூங்கா மூடும்வரை இருக்க முடியவில்லை, செயற்கை மழையில் ஆடும் ரெயின் டிஸ்கோவுக்கு இரண்டாம் முறை போக முடியவில்லை என்று மகள் பேருந்து நிலையம்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மெஜஸ்டிக் பக்கம் ஒரு தர்ஷினியில் நின்றபடியே தோசை தின்றோம். பெங்களூருவின் அந்த நின்று தின்னும் கடைகள் இல்லையென்றால் என் திட்டம் அன்றைக்கே கவிழ்ந்திருக்கும்.

பின்னிரவில் ஈரோட்டில் இறங்க வேண்டும். நான் அலாரம் வைத்துவிட்டு, அலாரத்தை நம்பாமல் விழித்துக்கொண்டே வந்தேன். தூங்கிப்போனால் கோயம்புத்தூரோ அதற்கு அப்பாலோ. மகனைத் தோளில் போட்டு இறக்கினேன், வாள் அவன் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு ஆட்டோ கேட்ட பணத்தையும் சேர்த்து மொத்தம் 12,640 ரூபாய். ஆர்.டி. பணத்தைத் தாண்டியது இருநூற்றுச் சொச்சம். பூட்டு, ஜிப் பை, அரைக்கால்சட்டை மூன்றும் என் தலையில் விழுந்தவை. அவை இல்லையென்றால் மிச்சமே வந்திருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். லாக்கர் வாடகையை என் நோட்டில் அவள் தன் கையெழுத்தில் எழுதினாள்.

காலையில் அம்மா பையைப் பிரித்து ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார். துண்டுக்குள் சுருண்டு, நீல நிறத்தில், நாலைந்து வயதுப் பிள்ளையினுடைய ஒற்றைச் செருப்பு. எங்கள் வீட்டில் அந்த அளவில் யாருக்கும் கால் இல்லை. பதினைந்து ஜோடியைக் காத்தவர், ஒற்றையை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ளை ஒரு காலில் எப்படி நடந்து போனதோ" என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். எறிந்துவிடலாம் என்றேன். விடவில்லை. கழுவிக் காயவைத்து, வாசல் செருப்பு ஸ்டாண்டில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.